மூன்று பேர் ஓட்டிய வள்ளம்

ஒரு லட்சம் சூடை மீன் பிடித்தால் அடுத்த வலை தருவார்கள். அந்த வலையால் நாற்பதாயிரம் பாரை பிடித்தால் வள்ளம் நாலு முழம் நீளும், ஆழக்கடலுக்கும் போகலாம். இதுதான் பேரம். இதற்கு ஒப்புக்கொள்கிறவர்களை விசரர் என்பதா பொறுமைசாலிகள் என்பதா என்பது அவரவர் விருப்பம். கரம்பொன் ஊர் மாக்கிறேற் ஒப்புக்கொண்டாள். ஒப்புக்கொண்டு பதினொரு மாதமும் ஆகிவிட்டது.

மீன், கடல், வலை எல்லாம் கொம்பியூட்டருக்குள். மாக்கிறேற் வேலை செய்தது யாழ்ப்பாணத்துத் தீவு ஊரான ஊர்காவற்றுறையில் அம்பலவாணரின் கொம்யூனிகேசன் கடையில். அரசாங்கக் கச்சேரியில் முப்பத்திரண்டு வருடம் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவர் அம்பலவாணர். வெளிநாட்டுக்குத் தொலைபேசி எடுக்க வருகிறவர்கள் பத்து மணிக்குப் பிறகுதான் வருவார்கள். அதுவரை கொம்பியூட்டரை நிறுத்தி வைத்தால் உப்புக்காற்றுப் பட்டு உள்ளே கறள் பிடித்துவிடும் என்பது அவருடைய அசைக்க முடியாத கொள்கை. "சூடா இருக்கவேணும் பிள்ளை. ஏதாவது செய்து கொண்டிரும்," என்று சொல்லிவிட்டுப் பேப்பருக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வார். மாக்கிறேற் மீன் பிடித்தாள்.

உலகத்தின் நாலு மூலையிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் ஒரே கடலில் ஒரே நேரத்தில் விளையாடும் விளையாட்டு அது. நோர்வேயில் ஒரு சின்னக் கொம்பனி நடத்தியது. வலையைப் போட ஒரு தட்டு. நாலு நிமிடம் காத்திருக்க வேண்டும். இழுக்க ஒரு தட்டு. ஏழு எட்டு சூடை வரும். பாரை என்றால் ஒன்று, மிஞ்சினால் இரண்டு. பத்துத் தரம் இழுத்தால் ஒரு தரம் வலை கிழியும், அதைத் தைக்க நாற்பது முடிச்சு, முடிச்சுக்கு ஒரு தட்டு. இடையில் தொலைபேசி லைன் அறுந்தால் இழுத்த மீனும் போய்விடும். ஊர்காவற்றுறை லைன் மாரியில் அறுவதும் கோடையில் அறுவதும் வழக்கம்.

"நான் கடலுக்குப் போனா கறிக்கெண்டாலும் ரெண்டு மீன் வரும். நீர் பிடிக்கிறதை எந்தச் சட்டியில போடுறது?" என்று கேட்பான் லியோன். அவளுடைய புருசன், உண்மையான கடற்றொழிலாளி. கேட்டுவிட்டு, இன்றைக்கு எவ்வளவு பட்டது என்றும் விசாரிப்பான். தொழில் புத்தி விடாது. ஒரு நாள் கடைக்கு வந்து திரையைப் பார்த்தவன், மூலையில் இருந்த ஒரு படத்தைக் காட்டி அது என்ன என்று கேட்டான். இழுவை வலை, அதை எடுத்தால் பத்து மடங்கு மீன் வரும், ஆனால் கடலின் அடி மொட்டையாகிவிடும் என்று அவள் விளங்கப்படுத்தினாள். லியோன் கதிரையை விட்டு எழும்பிவிட்டான்.

"இந்தியா றோலர் வந்து எங்கட வலையை அறுக்கிறது காணாதே? அதை எடுத்தீரெண்டால் பிறகு வீட்டை வரவேண்டாம்."

அதை எடுக்கிற எண்ணம் அவளுக்கும் இருக்கவில்லை. ஒரு மாதத்தில் முடிக்கிற வேலையைப் பத்து மாதத்தில் முடிக்கிறோம் என்று தெரிந்துகொண்டே சின்ன வலையோடு நின்றார்கள்.

நின்றார்கள் என்று பன்மையில் சொல்லக் காரணம் இருக்கிறது. அந்த வள்ளம் மாக்கிறேற்றினது மட்டுமல்ல. தம்பி ஜெனிஸ்ரன் தொண்ணூற்றாறில் கனடா போனவன், ரொறொன்ரோவில் முதியோர் இல்லம் ஒன்றில் வேலை. தங்கச்சி பிரேமினி கலியாணம் செய்து பாரிசுக்குப் போய் ஏழு வருடம். ஜெனிஸ்ரன்தான் விளையாட்டைக் கண்டுபிடித்தவன். ஒரு கணக்கைத் திறந்து, வள்ளத்துக்கு அந்தோனியார் என்று பேர் வைத்து, கடவுச்சொல்லை அக்காமார் இருவருக்கும் கொடுத்துவிட்டான். மீன்பிடிக் குடும்பத்தில் ஒரு வள்ளத்துக்கு மூன்று பேர் என்பது ஆளுக்கொரு கை போட்டு இழுக்கிற சங்கதி. அதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று மூவருமே யோசிக்கவில்லை. விதிமுறை என்று ஆங்கிலத்தில் நீளமாக ஒன்று வந்தபோது மூவரும் வாசிக்காமலே சரி என்பதைத் தட்டினார்கள்.

முறை தானாகவே அமைந்தது. ரொறொன்ரோவில் இரவுச் சாப்பாடு முடித்து ஜெனிஸ்ரன் ஏறுவான். அவன் படுக்கப் போகும்போது ஊர்காவற்றுறையில் விடிந்து மாக்கிறேற் கடையைத் திறப்பாள். அவள் பத்து மணிக்கு இறங்கினால், பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பிவிட்டுப் பிரேமினி. பின்னேரம் கடை ஓயும் நேரம் மறுபடி மாக்கிறேற். ஒரு நேரத்தில் ஒருவர்தான் ஏறலாம். இன்னொருவர் ஏறினால் முதலில் இருந்தவரை விளையாட்டு வெளியே தள்ளிவிடும், இழுத்துக்கொண்டிருந்த மீனும் நட்டம். அதனால் ஒருவர் நேரத்தில் மற்றவர் கால் வைப்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமை தொழில் இல்லை. ஊரில் எந்தக் கத்தோலிக்கனும் ஞாயிறு கடலுக்குப் போகமாட்டான், கொம்பியூட்டர் கடல் என்றால் மட்டும் தோசமில்லையா என்றாள் மாக்கிறேற். ரொறொன்ரோவில் இன்னும் சனிக்கிழமைதானே என்று ஜெனிஸ்ரன் சட்டம் பேசிப் பார்த்தான். வள்ளம் எங்கள் ஊர் வள்ளம், எங்கள் ஊர் ஞாயிறுதான் ஞாயிறு என்று முடித்துவிட்டாள்.

இவ்வளவு மினக்கெட்டதும் மீனுக்காக என்று நினைத்தால் மாக்கிறேற்றைத் தெரியாது என்று அர்த்தம். வள்ளத்தில் குறிப்பேடு ஒன்று இருந்தது. இறங்குகிறவர் அடுத்து ஏறுகிறவருக்கு இருநூறு எழுத்து எழுதி வைக்கலாம். மாதத்தில் ஒரு தரம் தொலைபேசியில் பேசுவார்கள்தான். அதில் சுகமோ, சாப்பிட்டாச்சோ, மழையோ என்று கேட்டு முடிய கார்ட் முடிந்துவிடும். குறிப்பேட்டில் அப்படியில்லை. ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டி, வேலைக் கதையோடு மனதில் கிடப்பதும் வந்து விழும்.

"கிழக்கால நல்ல பாரை. வலையில ரெண்டு பொத்தல், தைச்சிட்டன். இண்டைக்கு வேலையில ஒரு கிழவர் என்னைத் தன்ர மகனெண்டு நினைச்சுக் கதைச்சவர். நானும் ஓமெண்டு சொல்லிப்போட்டன்." இது ஜெனிஸ்ரன்.

"காத்து சரியில்லை. சின்னவன் என்னோட பிரெஞ்சிலதான் கதைக்கிறான். கோவிச்சா மட்டும் தமிழ் வருது." இது பிரேமினி.

"கிணத்தடி முருங்கை காய்ச்சுக் கொட்டுது. ஆர் தின்னுறது?" இது மாக்கிறேற்.

காலையில் கடைப் பூட்டைத் திறக்கும்போதே அவளுக்குத் தம்பி என்ன எழுதியிருப்பான் என்ற நினைப்புத்தான். அதை வாசித்தால் அன்றைய நாள் நல்லாயிருக்கும். வாசித்துப் பதில் எழுதிவிட்டு, வெறுங்கையோடு இறங்க வெட்கப்பட்டு மீன் பிடித்தாள் என்றுதான் சொல்லவேண்டும்.

இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டு, ஐப்பசி மாதம். முப்பத்தொன்பதாயிரத்து அறுநூற்று எண்பத்தெட்டுப் பாரை சேர்ந்திருந்தது. இன்னும் முந்நூற்றுப் பன்னிரண்டு. அன்று காலை மாக்கிறேற் கடையைத் திறந்து, கடவுச்சொல்லைத் தட்டினால் கடல் வரவில்லை. சிவப்பில் ஒரு பெட்டி வந்தது.

அம்பலவாணர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தார். "வள்ளத்தைத் தடுத்து வைச்சிருக்கினமாம். ஒரு நாளைக்குப் பதினாறு பதினேழு மணித்தியாலம் ஓடுதாம். ஒரு மனுசரால இது ஏலாதாம். அதால, ஏதோ களவு இயந்திரம் பூட்டி விளையாடுறீராம்."

விளையாட்டில் அப்படிக் கள்ளர் உண்டு. தானே வலை போட்டுத் தானே இழுக்கிற புரோகிராம் ஒன்றைப் பூட்டிவிட்டு, ஆள் நித்திரைக்குப் போய்விடுவான். வள்ளம் இரவு பகலாக மீனை அள்ளும். மாக்கிறேற் பதினொரு மாதமாகச் சேர்த்த மீனை அவர்கள் ஒரு கிழமையில் தாண்டிப் போவதை அவளே கண்ணால் கண்டிருக்கிறாள், வாய் நிறைய ஏசியுமிருக்கிறாள். இப்போது அவளையே அந்தப் பட்டியலில் போட்டிருந்தார்கள். பதினான்கு நாளுக்குள் பதில் தராவிட்டால் வள்ளம் அழிக்கப்படும்.

வள்ளம் போனால் குறிப்பேடும் போகும்.

"சமாதானம் பேச வந்ததும் நோர்வே. எங்கட வள்ளத்தைப் பிடிச்சு வைச்சதும் நோர்வே," என்றான் லியோன் அன்று மத்தியானம், சோற்றைப் பிசைந்தபடி. பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பகிடியை நிறுத்தினான். "நேவி எங்கட வள்ளத்தைப் பிடிச்சா என்ன செய்யிறனாங்கள்? விதானையாரிட்டக் கடிதம் எடுத்து, பெட்டிசம் எழுதிக் குடுக்கிறம். அதைச் செய்யுமன்."

இது அந்தத் தீவில் எல்லோருக்கும் தெரிந்த வழி. கடலுக்குப் போகப் பாஸ் வேண்டுமா, யாழ்ப்பாணம் போய்ப் பிந்தி வந்ததற்குக் காரணம் சொல்ல வேண்டுமா, தொலைந்த அடையாள அட்டைக்கு மாற்று வேண்டுமா, எல்லாவற்றுக்கும் கிராமத்து அதிகாரியான விதானையாரின் கடிதமும் பெட்டிசமும்தான். நோர்வேக்கு வேறு வழி இருக்கும் என்று லியோனுக்கும் தோன்றவில்லை, மாக்கிறேற்றுக்கும் தோன்றவில்லை. அம்பலவாணருக்கோ கேட்டவுடனே கை துறுதுறுத்தது. ஓய்வு பெற்ற பிறகு வெளிநாட்டுக்குப் பெட்டிசம் எழுதக் கிடைத்தது இதுதான் முதல் தடவை.

விதானையார் வழமையான கடிதத்தை எழுதினார். இவர் எனது பிரிவில் நிரந்தரமாக வசிப்பவர், எனக்கு நன்கு தெரிந்தவர், நன்னடத்தை உள்ளவர். மாக்கிறேற் மேசையை விட்டு நகரவில்லை.

"இயந்திரம் இல்லையெண்டும் ஒரு வரி போடுங்கோ ஐயா."

விதானையார் நிமிர்ந்து பார்த்தார். கடிதம் கேட்டு வந்தவர்கள் இருபது வருடத்தில் அவரிடம் எத்தனையோ கேட்டிருக்கிறார்கள். பேனையை எடுத்து, மேற்படியார் ஓர் ஆள் என்பதையும் இத்தால் உறுதிப்படுத்துகிறேன் என்று எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தார்.

அம்பலவாணரின் பெட்டிசம் மூன்று பக்கம். கச்சேரி ஆங்கிலம் குறைவில்லாமல் ஓடியது. ஒன்று, இரண்டு என்று இலக்கமிட்டிருந்தார். மேற்படி வள்ளம் எந்த இயந்திரத்தாலும் ஓட்டப்படவில்லை. அது மூன்று சகோதரரால் முறை வைத்து ஓட்டப்படுகிறது. அவர்களது முழுப்பெயர், வயது, விலாசம், தொழில், வள்ளத்தில் ஏறும் நேரம், இறங்கும் நேரம் ஆகியன பின்வரும் அட்டவணையில் காண்க. ஞாயிறு விடுமுறை. விதானையார் கடிதத்தை மொழிபெயர்த்து, இரண்டையும் ஸ்கான் பண்ணி அனுப்பினார்கள். அனுப்பிய கையோடு மாக்கிறேற் தம்பிக்குத் தொலைபேசி எடுத்தாள்.

அவள் சொல்லி முடிய ஜெனிஸ்ரன் கேட்டான்.

"அக்கா, மூண்டு பேரும் எண்டோ எழுதினனீங்கள்?"

"ஓம். பேர், விலாசம், எல்லாம் வடிவா எழுதியிருக்கு. ஐயா அட்டவணையும் போட்டவர்."

"நான் இப்பதான் விதிமுறையை வாசிச்சனான். ஒரு கணக்கில ஒராள்தான் விளையாடலாம். இயந்திரம் பூட்டுறது ஒரு களவு. மூண்டு பேர் விளையாடுறதும் ஒரு களவு. நான் ஒராள்தான், நித்திரை வராத ஆள் எண்டு சொல்லியிருந்தா விட்டிருப்பாங்கள்."

"ஒரு வள்ளத்தில மூண்டு பேர் போறது களவோ? அப்ப மற்ற ரெண்டு பேரும் நீந்தியோ போறது?"

"எனக்குத் தெரியும் அக்கா. அவங்களுக்குத் தெரியவேணுமே."

செய்யாத களவை மறுக்கப் போய், செய்த களவுக்கு அட்டவணையோடு கையெழுத்து வைத்துக் கொடுத்திருந்தாள். அன்றிரவு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பதினொரு மாதமாகத் தான் கள்ளி என்று தெரியாமலே கள்ளரை ஏசியிருக்கிறோம் என்று நினைக்க வெட்கமாக இருந்தது. வெட்கத்தை விட, தம்பியும் தங்கச்சியும் கைவிட்டுப் போகிறார்களே என்ற பயம்தான் கூட. லியோன் அவளுடைய கோப்பையையும் சேர்த்துக் கழுவி வைத்தான்.

நாலாம் நாள் பதில் வந்தது. ஓலாவ் என்ற ஒருவர் எழுதியிருந்தார். அம்பலவாணர் எழும்பி நின்று வாசித்தார், அரசாங்கக் கடிதத்தை இருந்துகொண்டு வாசித்துப் பழக்கமில்லை.

ஓலாவ் எழுதியது இதுதான். ஆறு வருடமாகக் கள்ளரைப் பிடிப்பது என் வேலை. தான் ஓர் ஆள் என்பதற்கு அரசாங்க முத்திரையோடு அத்தாட்சி அனுப்பியவர் நீங்கள் ஒருவர்தான். அது இல்லாமலும் நம்பியிருப்பேன். உங்கள் வள்ளம் பதினொரு மாதத்தில் ஒரு ஞாயிறுகூட ஓடவில்லை, இயந்திரத்துக்கு ஞாயிறு தெரியாது. நீங்கள் கள்ளர் அல்ல. ஆனால் விதி விதிதான், ஒரு வள்ளம் ஒருவருக்கு. ஏழு நாளைக்கு வள்ளத்தைத் துறைமுகத்தில் கட்டி வைக்கிறேன். யாருக்கு என்று நீங்களே பேசிச் சொல்லுங்கள். மற்ற இருவரும் புதிதாகத் தொடங்கலாம். யாருக்கும் வேண்டாம் என்றால் அழித்துவிடலாம்.

"மரியாதையான மனுசன்," என்று அம்பலவாணர் கடிதத்தை மடித்துக் கொடுத்தார். தன்னுடைய பெட்டிசம் வேலை செய்ததில் அவருக்கு நிறைந்த திருப்தி.

கட்டிக் கிடந்த வள்ளத்தில் மீன் பிடிக்க முடியாது, குறிப்பேடு மட்டும் திறந்தது. அடுத்த மூன்று நாளும் வள்ளம் கைக்குக் கை போனது.

"அக்கா நீ வைச்சிரு. நீதான் மூத்தது," என்று ஜெனிஸ்ரன் எழுதினான்.

"ஜெனி வைச்சிருக்கட்டும். எங்களுக்கு வீட்டில ஆக்கள் இருக்கினம். அவன் தனிய," என்று பிரேமினி எழுதினாள்.

"பிரேமி எடுக்கட்டும். அவள்தான் கூடப் பாரை பிடிச்சவள்," என்று மாக்கிறேற் எழுதினாள். இது பொய், கூடப் பிடித்தது அவளேதான்.

நாலாம் நாள் காலை, கொம்பியூட்டர் சூடாகிக்கொண்டிருக்க, மாக்கிறேற் அந்த விதிமுறையை முதன்முறையாக எடுத்து வைத்து வாசித்தாள். விளங்காத இடங்களை அம்பலவாணரிடம் கேட்டாள். புதிதாகத் தொடங்குகிறவர்கள் கரையோரக் களப்புக்குள் மட்டும்தான் நிற்கலாம், ஒரு லட்சம் சூடை பிடிக்கும் வரை வெளிக்கடலுக்கு வரக்கூடாது. பாரை வலை எடுத்த வள்ளம் களப்புக்குள் வரக்கூடாது, அடி தட்டும். திரும்பவும் வாசிக்கச் சொன்னாள். அவர் திரும்பவும் வாசித்தார்.

"அப்ப, இந்த வள்ளத்தை வைச்சிருக்கிற ஆள் தனியத்தான் நிக்கவேணும். மற்ற ரெண்டு பேரையும் காணேலாது."

"அப்பிடித்தான் கிடக்கு பிள்ளை."

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பத்தொன்பதாயிரத்து அறுநூற்று எண்பத்தெட்டு. அதில் எத்தனையை லைன் அறுந்து அறுந்து இரண்டாம் தரம் பிடித்தாள், எத்தனை ஆயிரம் முடிச்சுப் போட்டாள். விட மனம் வரவில்லை, அது உண்மை. கொஞ்சம் அழுதாள் என்பதும் உண்மை, அம்பலவாணர் பேப்பரை உயர்த்திப் பிடித்துக்கொண்டார். பிறகு குறிப்பேட்டில் எழுதினாள். "ஒருத்தருக்கும் வேண்டாம். சனிக்கிழமை பின்னேரம் ஆறு மணிக்குக் களப்புக்கு வாங்கோ. ஆளுக்கொரு வள்ளம். ஜெனி, உனக்குக் காலமையாயிருக்கும், கட்டாயம் எழும்பு." எழுதி, தம்பியும் தங்கச்சியும் வாசித்துச் சரி போடும்வரை ஒரு நாள் பொறுத்து, ஓலாவுக்கு ஒரு வரியில் அறிவித்தாள்.

சனிக்கிழமை அம்பலவாணர் கடையைப் பூட்டாமல் திறப்பை மேசையில் வைத்துவிட்டுப் போனார். ஆறு மணிக்கு மாக்கிறேற் புது வள்ளத்தில் ஏறினாள். வள்ளம் என்று சொல்லக்கூடாது, இரண்டு பலகை. கையில் ஒரு தூண்டில். எண்ணிக்கை இருக்கிற இடத்தில் பூச்சியம். களப்பு நிறையப் புதியவர்கள், எல்லாப் பலகையும் ஒரே மாதிரி, கொடி நிறம்தான் வேறு. எது யாரென்று தெரியாமல் தேடிக்கொண்டு போனாள். லைன் அறுந்துவிடக்கூடாது என்று அந்தோனியாரை வேண்டிக்கொண்டே போனாள்.

திரையின் அடியில் எழுத்து ஓடியது. "அக்கா, பச்சைக் கொடி. நான்."

அடுத்த வரி. "நான் மஞ்சள். ஆரப்பா என்ர தூண்டிலுக்குக் குறுக்கால போறது?"

"அது நான்தான், மன்னிச்சுக்கொள்," என்று ஜெனிஸ்ரன் எழுதினான்.

பதினொரு மாதம் ஒரே வள்ளத்தில் இருந்தவர்கள். ஒருவர் இறங்காமல் மற்றவர் ஏற முடியாது என்பதால் ஒருநாளும் சேர்ந்து இருந்ததில்லை. எழுதி வைத்தால் பதில் வர எட்டு மணித்தியாலம் ஆகும். இப்போது அவள் எழுதி முடிக்குமுன் பதில் வந்தது. பிரேமினி சிரித்தாள், சிரிப்பை எழுத்தில் தட்டினாள். ஜெனிஸ்ரன் அவள் மீனைக் களவெடுத்தான். மாக்கிறேற் இருவரையும் ஏசினாள், சின்னனில் கிணற்றடியில் வைத்து ஏசினது போலவே. ஒரு மணித்தியாலத்தில் மூவருமாகப் பிடித்தது பதினொரு சூடை.

அவளைக் கூட்டிப்போக வந்த லியோன் கதிரையை இழுத்துப்போட்டுப் பக்கத்தில் இருந்தான்.

"எது ஜெனி?"

அவள் பச்சைக் கொடியை விரலால் காட்டினாள். லியோன் குனிந்து பார்த்தான். ஒன்பது வருடத்துக்கு முன்னர் மச்சானை வாகனத்தில் ஏற்றி அனுப்பியவன் அவன்தான். அந்த இரண்டு பலகையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அங்கால தனிய நிக்கிறான். கிட்டப் போமன்."

மாக்கிறேற் வள்ளத்தைக் கிட்டக் கொண்டுபோனாள். மஞ்சள் கொடியும் மற்றப் பக்கத்தால் வந்து சேர்ந்தது. மூன்று பலகையும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நின்றபோது திரையில் ஒரு பெட்டி தோன்றியது. வள்ளங்கள் இவ்வளவு நெருங்கி நின்றால் யாருக்கும் மீன் படாது, விலகிப் போகவும் என்று அதில் எழுதியிருந்தது.

பெட்டி மூன்று பேருக்கும் வந்திருக்கும். ஒருவரும் விலகவில்லை.